70,000 சொல், 100 மணி நேரம்: ஒரு நாவலைச் செம்மையாக்கிய கணக்கு

சுமார் 70,000 சொல் கொண்ட தமிழ் நாவல் ஒன்றைச் செம்மையாக்கிக் கொடுக்கக் கிட்டத்தட்ட 100 மணி நேரம் பிடித்தது. நாள்காட்டிப்படி பார்த்தால் இரண்டு மாதத்துக்கு மேல். பதிப்பாளர் முதலில் கேட்டது மூன்று வாரம். அவர் கணக்கு எளிமையானது. டெமி அளவில், அதாவது வழக்கமான நாவல் புத்தக அளவில், 320 பக்கம் வரும், நாளைக்கு 15, 20 பக்கம் பார்த்தால் முடிந்துவிடும். எழுத்துப்பிழை திருத்துவது மட்டும்தான் வேலை என்றால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் கதைப் புத்தகத்தில் நேரத்தைத் தின்பது பிழை அல்ல. இது பிழையா, இல்லை எழுதியவர் வேண்டுமென்றே வைத்ததா என்று நின்று யோசிக்க வேண்டிய இடங்கள்தான் தின்கின்றன. அப்படிப்பட்ட இடங்கள் ஒரு பக்கத்தில் இரண்டு இருக்கலாம், இருபதும் இருக்கலாம். பக்க எண்ணிக்கையைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது.

எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் போனது என்று இந்தமுறை குறித்து வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். நாவல் எழுதி முடித்துவிட்டு எடிட்டர் ஏன் இவ்வளவு நாள் இழுக்கிறார் என்று யோசிப்பவர்களுக்கும், புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் பயன்படலாம்.

நாவல் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் நடக்கிறது. 1979-ல் தொடங்கி 2001-ல் முடிகிறது. சௌந்தரம் என்ற பெண், அவளுடைய அம்மா, அவளுடைய மகள் என்று மூன்று தலைமுறை. எழுதியவர் உப்பளத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். இது அவருக்கு முதல் புத்தகம். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

கோப்பைச் சுத்தம் செய்தது

முதல் சொல்லைத் திருத்துவதற்கு முன்னாலேயே ஆறேழு மணி நேரம் போய்விட்டது. கைப்பிரதி மூன்று விதமாகத் தட்டச்சாகியிருந்தது. முதல் பகுதி பல வருடங்களுக்கு முன்னால் ஒரு டிடிபி கடையில், யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்தது. நடுப்பகுதியை அண்ணாச்சியின் மகள் லேப்டாப்பில் அடித்துக் கொடுத்திருக்கிறார். கடைசி மூன்றில் ஒரு பங்கு, அவரே போனில் பேசப் பேச அது எழுதிக்கொண்டது.

பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்ற நிரல்கள் இருக்கின்றன. சொடுக்கினால் மாறிவிடும். மாறியபின் வருவதுதான் தொல்லை. நாயகி பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். சௌந்தரம் என்பதில் இருக்கிற ஔகாரக் குறி ஒரே குறியீடு. பழைய எழுத்துருவிலிருந்து வந்த பகுதியில் அது ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக, ‘செளந்தரம்’ என்று இருந்தது. திரையில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் வேர்டில் ‘சௌந்தரம்’ என்று தேடினால் நாவலின் முதல் பகுதியில் அப்படி ஒருத்தியே இல்லை என்று சொல்லும். இதே கதைதான் கௌரவத்துக்கும் பௌர்ணமிக்கும். ஒகரக் குறி சில இடங்களில் ஒரே எழுத்தாகவும், சில இடங்களில் கொம்பும் காலும் தனித்தனியாகவும் உட்கார்ந்திருக்கும். கால் போட வேண்டிய இடத்தில் ரகரத்தை அடித்திருப்பார்கள், ‘வரங்கினான்’ என்று. ஓட்டமாகப் படிக்கிறபோது கண் அதை ‘வாங்கினான்’ என்றே படித்துவிட்டுப் போகும்.

இதையெல்லாம் முதலிலேயே சரிசெய்யாமல் உள்ளே இறங்கினால் பின்னால் ஒவ்வொரு தேடலும் பொய் சொல்லும். அதே சமயம் ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானைத் தமிழில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தக் கூடாது. ‘கணி’ என்று தப்பாக அடித்த பழத்தைக் ‘கனி’ ஆக்கப் போனால் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கும் கணிதமும் கனிதம் ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

போனில் பேசி எழுதிய பகுதியின் சிக்கல் வேறு மாதிரி. எழுத்துப்பிழை குறைவு, நிறுத்தக்குறியே கிடையாது. அதைவிட மோசம், கருவிக்கு வட்டார வழக்கு தெரியாது. அண்ணாச்சி ‘சொல்கிறான்’ என்ற பொருளில் ‘சொல்லுதான்’ என்று சொன்னால் அது ‘சொல்லு தான்’ என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவர் வாயிலிருந்து ‘வாரான்’ என்று வந்தது ‘வரான்’ ஆகியிருந்தது. சில இடங்களில் ‘வருகிறான்’ என்றே இருந்தது. அதை அவர்தான் சொன்னாரா, கருவி திருத்திக்கொண்டதா என்று எப்படித் தெரியும்? அந்தப் பகுதியில் பாத்திரங்கள் திடீரென்று சென்னைக்காரர்கள் மாதிரிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்த வரிகளை எல்லாம் மஞ்சள் அடித்து வைத்தேன். திருத்தவில்லை.

தொடாமல் ஒரு வாசிப்பு

அடுத்து முழு நாவலையும் கையைக் கட்டிக்கொண்டு வாசித்தேன். பத்து மணி நேரம் ஆனது. அவசரம் என்றால் பலரும் முதலில் வெட்டுவது இந்த வாசிப்பைத்தான். கட்டுரை நூலுக்கு வெட்டினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. நாவலுக்கு வெட்டினால் அந்தப் பத்து மணி நேரம் பின்னால் இரண்டு மடங்காக வந்து நிற்கும்.

இந்த நாவலிலேயே அதற்கு உதாரணம் உண்டு. ஐந்து அத்தியாயங்கள் சௌந்தரத்தின் மகள் சொல்வதாக வருகின்றன. ‘மரங்கள் நின்றது’, ‘ஒவ்வொரு வீடுகளிலும்’ என்று வரிக்கு வரி ஒருமை பன்மை இடித்தது. ‘மரங்கள் நின்றன’, ‘ஒவ்வொரு வீட்டிலும்’ என்று மாற்றுவது கைப்பழக்கம், யோசிக்கவே வேண்டாம். ஆனால் 200 பக்கம் தாண்டியபிறகு தெரிகிறது, அந்த ஐந்து அத்தியாயமும் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு உப்பளத்துக்குப் போன பிள்ளை கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தது. கடைசியில் அந்த நோட்டு அம்மா கையில் கிடைக்கிறது. இலக்கணத்தை நேராக்கியிருந்தால் அந்த நோட்டு நோட்டாகவே இருந்திருக்காது. அப்புறம் எங்கே மாற்றினோம் என்று தேடித் தேடித் திரும்ப எடுக்க வேண்டும்.

இந்த வாசிப்பின்போது மூன்று பட்டியல் போட்டுக்கொண்டேன். ஆட்கள் பெயர், அவர்கள் வயது, ஒவ்வொரு அத்தியாயமும் நடக்கும் மாதமும் வருடமும். அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை.

முதல் 30 பக்கம்

திருத்த உட்கார்ந்ததும் வேகம் மணிக்கு மூன்று பக்கத்தைத் தாண்டவில்லை. எப்போதுமே அப்படித்தான். முதல் 30 பக்கத்தில் திருத்தம் நடப்பதைவிடத் தீர்மானங்கள்தான் அதிகம் நடக்கும். எடுத்த தீர்மானத்தை ஒரு தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டால்தான் 250-ஆம் பக்கத்திலும் அதே மாதிரி செய்ய முடியும்.

சொல்லைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதை எடுத்துக்கொள்வோம். துணைவினையைச் சேர்த்து எழுதுவது என்பது என் வழக்கம். ‘பார்த்துக்கொண்டிருந்தான்’, ‘போட்டுவிட்டான்’. கைப்பிரதியில் ஒரு வரி: ‘சாயங்காலம் அவளை வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டான்.’ வழக்கப்படி ‘கொண்டுவந்துவிட்டான்’ என்று சேர்க்கக் கை போகிறது. சேர்த்தால் வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று என்று மட்டும் ஆகும். கதையில் அவன் அவளை வாசலில் இறக்கி விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறான். உள்ளே வரவில்லை, அதுதான் அங்கே பிரச்சினையே. இங்கே ‘விட்டான்’ துணைவினை இல்லை, முழு வினை. ‘கொண்டுவந்து விட்டான்.’ நடுவில் ஓர் இடைவெளி. இந்த ஒரு இடைவெளிக்காக முன்னால் இரண்டு பக்கமும் பின்னால் ஒரு பக்கமும் படித்தேன்.

ஒற்று அடுத்தது. கதைசொல்லும் பகுதியில் சிக்கல் இல்லை. வேற்றுமை உருபு ஐயும் குவ்வும் வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும். ‘கதவைத் தட்டினான்’, ‘அளத்துக்குப் போனாள்’. ‘பார்த்துச் சொன்னான்’ மிகும், ‘வந்து சொன்னான்’ மிகாது. பழகிய கைக்கு இதெல்லாம் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, பேசிக்கொண்டே செய்யலாம். உரையாடலில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பேச்சு வழக்கில் ஒற்று எதற்கு என்று சில பதிப்பகங்கள் முழுவதுமாக எடுத்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘அவன பாத்தேன்’ என்று எழுதினால் வாசிக்கிறவர் ‘அவன’ என்ற இடத்தில் தடுக்கி விழுகிறார். ‘அவனப் பாத்தேன்’ என்றால் காதில் விழுகிறபடியே இருக்கிறது. ஆகவே காதுக்குக் கேட்கிற ஒற்றை வைத்துக்கொள்வது, கேட்காததை விட்டுவிடுவது என்று தாளில் எழுதினேன். எழுதுவது எளிது. அப்புறம் ஒவ்வொரு உரையாடலையும் முணுமுணுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பெயர்களில் ஒன்று. நாவலில் இசக்கிமுத்து என்று ஒருவர் உண்டு. பாதி இடத்தில் ‘எசக்கிமுத்து’ என்று இருந்தது. ஒன்றாக்கிவிடலாம் என்றுதான் தோன்றும். வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால், ஆட்கள் கூப்பிடும்போது எசக்கி, கதைசொல்லி சொல்லும்போது இசக்கி. அண்ணாச்சி அறிந்தோ அறியாமலோ ஒழுங்காகவே செய்திருக்கிறார், நாலைந்து இடம்தான் மாறியிருந்தது. அந்த நாலைந்தை மட்டும் மாற்றினேன்.

மேற்கோள் குறி, முற்றுப்புள்ளிக்குப் பதில் நீளமாகப் போகும் புள்ளிகள், வயதை எழுத்தில் எழுதுவதா எண்ணில் எழுதுவதா என்பதெல்லாம் சட்சட்டென்று முடிந்தது.

பக்கத்தில் இருந்தவை க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் தமிழ் நடைக் கையேடும். க்ரியா அகராதி 1992, 2008, 2020 என்று மூன்று பதிப்பு கண்டிருக்கிறது. சேர்த்து எழுதுவது பற்றி ஒரு முடிவுக்கு வர அதில் தலைச்சொல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைக்கும் நாவி சந்திப்பிழைக்கும் உதவும் கருவிகள். இரண்டையும் கதைசொல்லும் பகுதிக்குப் பயன்படுத்தினேன். கண்ணுக்குத் தப்பிய கணிசமான ஒற்றுப் பிழைகளைக் காட்டிக் கொடுத்தன. உரையாடலில் அவற்றை ஓட்டுவதில் அர்த்தமில்லை. ‘வாரியளா’ என்பதைப் பிழை என்றுதான் எந்தக் கருவியும் சொல்லும்.

நடு ஓட்டம்

30 பக்கத்துக்கு மேல் வேகம் ஏறியது. கதைசொல்லல் மிகுந்த அத்தியாயங்களில் மணிக்கு ஏழெட்டுப் பக்கம். உரையாடல் மிகுந்தவற்றில் நான்கைந்து. பேசி எழுதிய கடைசிப் பகுதியில் மறுபடி வேகம் குறைந்தது. சராசரி ஆறு பக்கம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 1,300 சொல் வருகிறது. முக்கியச் சுற்றுக்கு மட்டும் 50 மணி நேரத்துக்குச் சற்று மேல்.

ஆங்கில நூல்களுக்கு இப்படிக் கணக்கு வெளிப்படையாக உண்டு. அமெரிக்காவின் எடிட்டோரியல் ஃப்ரீலான்சர்ஸ் அசோசியேஷன் பல வருடம் வெளியிட்டு வந்த அட்டவணையில் 250 சொல்லை ஒரு பக்கம் என்று வைத்து, சாதாரணச் செம்மையாக்கத்துக்கு மணிக்கு 5 முதல் 10 பக்கம், கனமானதற்கு 2 முதல் 5 பக்கம் என்று போட்டிருந்தார்கள். 70,000 சொல்லை அதில் போட்டால், சாதாரணம் என்றால் 28 முதல் 56 மணி நேரம், கனமானது என்றால் 56 முதல் 140 மணி நேரம். இதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரக் கூடாது. ஆங்கிலத்தில் நாலு சொல்லாகக் கிடப்பது தமிழில் ‘போய்க்கொண்டிருந்தவளுக்கு’ என்று ஒரே சொல்லாகக் கிடக்கும். தமிழ் நாவலின் 70,000 சொல் ஆங்கிலத்தில் ஒரு லட்சத்தை எட்டும். பதிப்பாளர் யாராவது அந்த அட்டவணையைக் காட்டிப் பேசினால் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

ஒரு சின்னப் பத்தியைக் காட்டுகிறேன். கைப்பிரதியில் இப்படி இருந்தது:

‘இசக்கி வேகமாக ஓடி வந்து கதவை தட்டினான் உள்ளே இருந்து பதில் எதுவும் வரவில்லை..... அம்மா அம்மா என்று கத்தினான் அவன் கைகள் நடுங்கியது’

திருத்தியபின்:

‘இசக்கி வேகமாக ஓடிவந்து கதவைத் தட்டினான். உள்ளேயிருந்து பதில் எதுவும் வரவில்லை. “அம்மா, அம்மா” என்று கத்தினான். அவன் கைகள் நடுங்கின.’

இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ‘வேகமாக’ என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஓடி வருகிறவன் வேகமாகத்தான் வருவான். எடுத்தால் வரி நன்றாக இருக்கும். ஆனால் நன்றாக ஆக்குவது என் வேலை இல்லை. சரியாக ஆக்குவதுதான் நான் ஒத்துக்கொண்ட வேலை. நடையில் கை வைக்க வேண்டும் என்றால் அது வேறு வேலை, வேறு நேரம், வேறு பேச்சு. ‘இந்தச் சொல் தேவையா?’ என்று ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு நகர்ந்தேன். இப்படித் தொடாமல் விட்ட இடங்களுக்குத்தான் தொட்ட இடங்களைவிட அதிக நேரம் போயிருக்கும். கோப்பைத் திறந்து பார்க்கிற பதிப்பாளருக்கு அந்த நேரம் எங்கேயும் தெரியாது.

ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் இந்த வேலையை உருப்படியாகச் செய்ய முடியும். ஐந்தாவது மணியிலிருந்து திருத்தங்கள் குறைந்துகொண்டே வரும். பிரதி திடீரென்று நல்ல பிரதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கண் கதையில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பைத் திறப்பதை நிறுத்திவிட்டு அந்த நேரத்தைப் பெயர்ப் பட்டியல், வயதுக் கணக்கு மாதிரி வேலைகளுக்கு வைத்துக்கொண்டேன்.

கேள்விகள்

அண்ணாச்சிக்கு அனுப்பிய கேள்விப் பட்டியல் பத்துப் பக்கத்துக்கு வந்தது. தயாரிக்க, பேச, பதிலைப் பிரதியில் ஏற்ற எல்லாம் சேர்த்து 15 மணி நேரம். காத்திருந்தது தனி.

சில கேள்விகள் ஒரு வரியில் முடிந்தன. சௌந்தரத்துக்கு 1979-ல் கல்யாணம் ஆகும்போது பத்தொன்பது வயது, 2001-ல் நாற்பத்தாறு என்று இருக்கிறது. நாற்பத்தொன்று என்று மாற்றியாயிற்று. எம்.ஜி.ஆர். இறந்த செய்தி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வருகிறது. அது 1987 டிசம்பர் 24, வியாழக்கிழமை. சந்தையை டீக்கடை ஆக்கினோம்.

மாவட்டப் பெயர் கொஞ்சம் இழுத்தது. 1984-ல் நடக்கும் போராட்ட அத்தியாயத்தில் ‘தூத்துக்குடி மாவட்டக் கலெக்டர்’ வருகிறார். தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986 அக்டோபரில்தான் தனி மாவட்டம் ஆனது. அப்போதும் பெயர் சிதம்பரனார் மாவட்டம். 1997-ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்தபோதுதான் தூத்துக்குடி மாவட்டம் என்று ஆனது. நாவல் இந்த மூன்று காலத்தையும் கடந்து போகிறது. ஆக, ‘மாவட்டம்’ என்ற சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் வருடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதே 1997-ல் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இருந்த கட்டபொம்மன் மாதிரிப் பெயர்களும் போயின. ஆனால் 2001-ல் ஒரு கிழவி ‘கட்டபொம்மன்ல ஏறி வந்தேன்’ என்கிறாள். அதை விட்டுவிட்டேன். பஸ்ஸில் பெயிண்ட் மாற்றினால் கிழவி வாய் மாறிவிடுமா?

இன்னொன்று மழை. கார்த்திகை மாதம், நல்ல மழைக்காலம், அப்போது சௌந்தரம் பாத்தியில் உப்பு வாருகிறாள். அந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பு எடுப்பது நின்றுவிடும், தை பிறந்து பாத்தியைத் திரும்பச் சீர்செய்கிற வரைக்கும். இது உப்பளத்திலேயே வேலை பார்த்தவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று தயங்கித்தான் கேட்டேன்.

“தம்பி, பாத்தியில வாரலை. அம்பாரத்துல இருந்து அள்ளுதா. மழைக்கு முன்னால குமிச்சி ஓலை போட்டு மூடி வச்சிருப்போம்லா, லாரி வர வர அதுல இருந்து அள்ளிக் கொடுக்கணும்.”

அவர் மனதில் காட்சி சரியாகத்தான் இருந்திருக்கிறது. தாளில் ‘பாத்தி’ என்று விழுந்துவிட்டது. இரண்டு சொல் மாறியது, காட்சி நின்றது.

பெரிய வேலை வைத்தது தீபாவளி. தீபாவளி இரவில் சௌந்தரம் வரப்பில் நின்று, நிலா வெளிச்சத்தில் உப்புப் பாத்திகள் பளபளப்பதைப் பார்க்கிறாள். அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்த காட்சி. எனக்கும் பிடித்தது. ஆனால் தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. நிலா இருக்காது. ஐப்பசியில் பாத்தி பளபளக்காது, மழைத்தண்ணீர்தான் நிற்கும். போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“நிலாவ எடுக்கணுமா?”

“நிலாவ எடுக்க வேண்டாம் அண்ணாச்சி. தீபாவளிய எடுக்க முடியுமான்னு பாருங்க.”

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். “பங்குனி உத்திரத்துக்கு மாத்திட்டேன் தம்பி. அன்னைக்குப் பௌர்ணமி, உப்பும் நல்லா விளையுத நேரம். சாஸ்தா கோயிலுக்குன்னு சொந்தக்காரங்க எல்லாரும் வந்திருப்பாங்க, வீட்டுல சண்டை வாரதுக்கும் தோதா இருக்கும்.”

சண்டைக்குப் பங்குனி உத்திரம் தீபாவளியைவிடப் பொருத்தம் என்பதை எந்த எடிட்டரும் சொல்லியிருக்க முடியாது. அவர் அந்த அத்தியாயத்தைப் புதிதாக எழுதி அனுப்பினார். புதிய பக்கங்களை முதலிலிருந்து பார்க்க வேண்டும். பின்னால் மூன்று இடத்தில் ‘அந்தத் தீபாவளிக்குப் பிறகு’ என்று வருவதைப் பிடிக்க வேண்டும். ஒருவன் வாங்கி வந்த வெடிப் பொட்டலம், புதுப்புடவை, எண்ணெய்க் குளியல் எல்லாம் போக வேண்டும். அதோடு கதை சில மாதம் நகர்ந்துவிட்டதால் ஒரு குழந்தை எந்த மாதம் பிறக்கிறது என்ற கணக்கும் ஆட்டம் கண்டது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் மொத்தமாக ஐந்து மணி நேரம் போயிருக்கும். பக்கக் கூலி பேசியிருந்தால் கையைக் கடித்திருக்கும்.

மஞ்சள் அடித்து வைத்த வட்டார வழக்கு வரிகளை அவரே வாய்விட்டுப் படித்துக்காட்ட, நான் கேட்டுக் கேட்டு எழுதினேன். அதுதான் இந்த வேலையிலேயே சுகமான பகுதி.

இரண்டாம் சுற்றும் மெய்ப்பும்

திருத்தங்கள் எல்லாம் ஏறியபிறகு இன்னொரு சுற்று. இங்கே புதிதாகத் திருத்துவதைவிட, திருத்தம் உண்டாக்கிய பிழைகளைப் பிடிப்பதுதான் வேலை. பாதி வாக்கியத்தை மாற்றும்போது மீதிப் பாதியில் பழைய ஒற்று தங்கிவிடும். ‘அளத்துக்குப் போனாள்’ என்பது ‘அளத்துக்குப் வந்தாள்’ என்று நிற்கும். வேகமாகப் போகலாம், எட்டு மணி நேரம் ஆனது.

அப்புறம் பக்க வடிவமைப்பு முடிந்து பிடிஎஃப் வந்தது. மெய்ப்புக்கு, அதாவது அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் பிழை பார்ப்பதற்கு, 12 மணி நேரம். தாளில் எடுத்துத்தான் பார்த்தேன், திரையில் தப்புவது தாளில் மாட்டும். வரி உடைகிற இடங்களைப் பார்க்க வேண்டும். புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வந்து நிற்கக் கூடாது. ‘பார்த்’ ஒரு வரியிலும் ‘தாள்’ அடுத்த வரியிலும் இருந்தால் தாங்கலாம், ‘பார்’ என்று முடிந்து அடுத்த வரி ‘த்தாள்’ என்று தொடங்கினால் கண் உறுத்தும். கொம்பு தன் எழுத்தை விட்டுப் பிரிந்து முந்தைய வரியின் கடைசியில் தொங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்தால் அப்படி ஆகும். இங்கே அது இல்லை. ஒற்று தொடக்கத்தில் வந்த வரிகள் மட்டும் நிறைய இருந்தன.

ஆக, சுத்தம் செய்ய ஏழு, வாசிக்கப் பத்து, முக்கியச் சுற்று ஐம்பதுக்குச் சற்று மேல், கேள்விகள் பதினைந்து, கடைசிச் சுற்றும் மெய்ப்பும் இருபது. 100-ஐத் தாண்டுகிறது. ஒற்றும் எழுத்தும் திருத்துவது மட்டும் என்றிருந்தால் 40 மணி நேரத்தில் முடித்திருப்பேன் என்பது என் ஊகம். அப்போது தீபாவளி அன்று நிலா காய்ந்திருக்கும், 1984-ல் தூத்துக்குடிக்குக் கலெக்டர் இருந்திருப்பார். வாசகர்களில் பாதிப்பேர் கவனித்திருக்க மாட்டார்கள். தூத்துக்குடிக்காரர்கள் கவனித்திருப்பார்கள்.

காலம் குறித்து ஒன்று. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வருவதால் எல்லோருக்கும் டிசம்பரில் புத்தகம் அச்சில் இருக்க வேண்டும். கைப்பிரதிகள் அக்டோபரில்தான் கைக்கு வந்து சேரும். அச்சகத்தின் தேதியை யாரும் நகர்த்த முடியாது, வடிவமைப்பாளரின் நாட்களையும் ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. கடைசியில் குறைவது எடிட்டிங் நாட்கள்தான். இந்த நாவல் ஆகஸ்டிலேயே வந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது.

இப்போது யாராவது ‘எத்தனை நாள் ஆகும்?’ என்று கேட்டால் மூன்று இடத்திலிருந்து பத்துப் பத்துப் பக்கம் கேட்கிறேன். தொடக்கம், நடு, உரையாடல் மிகுந்த ஏதாவது ஓர் அத்தியாயம். தொடக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, முதல் அத்தியாயத்தை எல்லோரும் பத்துத் தடவை திருத்தியிருப்பார்கள். அந்த 30 பக்கத்தையும் உட்கார்ந்து திருத்திப் பார்க்கிறேன். ஆன நேரத்தை முழு நாவலுக்கும் பெருக்கி, அதன்மேல் கேள்விகளுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் பாதியைக் கூட்டுகிறேன். எழுதியவர் பதில் சொல்ல எடுக்கும் நாட்கள் என் கையில் இல்லை என்பதையும் தனியாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன். எப்படித் தட்டச்சு செய்தது என்று கேட்க மறப்பதில்லை. போனில் பேசி எழுதியது என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் நேரம் இரட்டிப்பு.